சங்கப் பொறுப்பைக் கேட்டுப் பெறுவது எப்படி?



ஆண்டுப் பொதுக்குழுவில் நாம் பலமுறை கண்ட காட்சி ஒன்று உண்டு. வரவு செலவு வாசித்து முடியும். "அடுத்தபடியாக நிர்வாகிகள் தேர்வு" என்று தலைவர் சொன்னதும் மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்கும். ஒருவரும் வாய் திறக்கமாட்டார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "இருக்கவுகளே இருக்கட்டும்" என்னும். கைதட்டல் எழும். பந்திக்கு இலை போட்டிருப்பார்கள். அதன் பிறகுதான் டீக்கடை வாசலில் பேச்சு தொடங்கும். "நம்மள ஒரு வார்த்தை கேட்டாகளா?" என்பார் ஒருவர். அவர்கள் கேட்கவில்லை என்பது உண்மைதான். இவரும் கேட்கவில்லையே!

சென்ற மாதம், எம். புதுப்பட்டியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் நம் கடைக்குச் சரக்கெடுக்க வந்திருந்தார். துவரம்பருப்பு, உளுந்து, மல்லி, வத்தல் எல்லாவற்றுக்கும் சிட்டை போட்டாயிற்று. மூட்டைகளும் வண்டியில் ஏறிவிட்டன. அவர் மட்டும் புறப்படாமல் நின்றார். பாக்கி விஷயமாக ஏதோ தவணை கேட்கப் போகிறார் என்று நினைத்தோம். அவரோ, "அண்ணாச்சி, எங்க சங்கத்துல மக்கள் தொடர்புச் செயலாளர்னு புதுசா ஒரு பொறுப்பு போடப் போறாக. நான் நிக்கலாம்னு இருக்கேன். வாயைத் திறந்து கேட்டா, பதவிக்கு அலையுறான்னு நெனைப்பாகளோ?" என்றார். அவரை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசினோம். அந்தப் பேச்சு மற்றவர்களுக்கும் பயன்படும் என்று தோன்றியதால் இங்கே எழுதுகிறோம்.

கேட்பது குற்றமா? நம் ஊர்களில் அப்படி ஒரு எண்ணம் வேரூன்றியிருக்கிறது. "எனக்கெதுக்குப்பா பதவி" என்று மூன்று முறை மறுத்து, நான்காவது முறை மாலைக்குத் தலை குனிவதுதான் மரியாதை என்று நினைக்கிறோம். மக்கள் தொடர்பையே தொழிலாகக் கொண்டவர்கள் இதில் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறார்கள். கம்பெனிகளுக்காகவும் அரசுத் துறைகளுக்காகவும் பத்திரிகைகளிடமும் பொதுமக்களிடமும் பேசுகிறவர்கள் இவர்கள். இவர்களுக்கு 'பப்ளிக் ரிலேஷன்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியா' என்றொரு சங்கம் 1958 முதல் இருக்கிறது. 1968 ஏப்ரல் 21 அன்று தில்லியில் கூடிய மாநாட்டில் தங்கள் தொழிலுக்கென்று ஒரு நெறிமுறையை ஏற்றார்கள். அந்த நாளையே 1986 முதல் தேசிய மக்கள் தொடர்பு தினமாகக் கொண்டாடுகிறார்கள். சென்னை உள்ளிட்ட ஊர்களில் அதற்குக் கிளைகள் உண்டு. கிளை நிர்வாகிகள் எல்லாம் நம்மைப் போலச் சொந்த வேலைக்கு நடுவே சம்பளமின்றி உழைப்பவர்களே.

அமெரிக்காவில் இதே தொழிலுக்கு 1947-ல் தொடங்கிய சங்கம் ஒன்று உண்டு. அங்கே தேசிய அளவிலான பொறுப்புக்கு வர விரும்புகிறவர் தாமே விண்ணப்பம் கொடுக்கிறார். இதற்கென்றே அமைந்த குழு அதைப் பரிசீலிக்கிறது. விண்ணப்பம் போட்டவரைப் பதவிக்கு அலைகிறார் என்று அங்கே யாரும் ஏசுவதில்லை. "நான் இந்த வேலையைச் செய்கிறேன், என்னிடம் கொடுங்கள்" என்று சொன்னதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. கேட்பதில் இருக்கும் கூச்சம் போனால் போதும்.

சம்பளமில்லாத பொறுப்பு நமக்கும் புதிதல்ல. விருதுநகர் விருதுபட்டியாக இருந்த காலத்திலேயே வியாபாரிகள் வியாபாரத்தில் ஒரு பங்கை மகமையாக எடுத்துவைத்துப் பொதுக்காரியம் செய்தார்கள். 1885-ல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலைக்கு வீட்டுக்கு வீடு பிடியரிசி போயிற்று. காமராஜர் படித்தது அந்தப் பள்ளியில்தான். மதுரையில் 1924-ல் மதுரை-இராமநாதபுரம் வர்த்தக சங்கம் என்று தொடங்கியதுதான் இன்றைய தமிழ்நாடு தொழில் வர்த்தக சங்கம். (அன்றைக்கு நாமெல்லாம் இராமநாதபுரம் ஜில்லா.) கடையைக் கவனித்த நேரம் போக மிச்ச நேரத்தைக் கொடுத்தவர்களால்தான் இவையெல்லாம் நின்றன.

சரி, மக்கள் தொடர்புச் செயலாளர் என்றால் என்ன வேலை? பலர் நினைப்பதுபோல நோட்டீஸ் அடிப்பதும், அமைச்சர் வந்தால் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வதும் அல்ல. 2022 ஜூலை 18-ஐ நினைத்துப் பாருங்கள். அதுவரை பதிவு பெற்ற பிராண்டுப் பருப்பு, அரிசி, மாவுக்கு மட்டும் இருந்த 5 சதவீத ஜி.எஸ்.டி., 25 கிலோ வரை பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய எல்லாவற்றுக்கும் வந்தது. அந்த வாரம் நம் கடைத் தொலைபேசி ஓயவில்லை. "மூட்டையைப் பிரிச்சு நிறுத்துக் குடுத்தா வரி உண்டா?" என்று ஒருவர் கேட்டார். "26 கிலோ சிப்பமா வந்தா?" என்றார் இன்னொருவர். கடையில் சில்லறையாக நிறுத்துக் கொடுப்பதற்கு வரி இல்லை. 25 கிலோவுக்கு மேற்பட்ட சிப்பத்துக்கும் அந்த வரி இல்லை. இந்த இரண்டு வரியை அச்சடித்துக் கடைக்குக் கடை கொடுத்த சங்கங்களில் குழப்பம் இரண்டு நாளில் தீர்ந்தது. கொடுக்காத ஊர்களில் சில்லறைப் பருப்புக்கும் விலையைக் கூட்டிச் சொல்லி, வாடிக்கையாளரிடம் பேச்சு வாங்கினார்கள். 2019 ஜனவரி 1-ல் பிளாஸ்டிக் தடை வந்தபோதும் இதே கதைதான். எந்தப் பை கூடும், எந்தப் பை கூடாது என்று தெரியாமல் புதுச்சரக்கையும் சேர்த்துக் குப்பையில் போட்டவர்களை நாம் அறிவோம்.

எம். புதுப்பட்டி போன்ற ஊரில் இந்தப் பொறுப்பின் கனம் இன்னும் அதிகம். சுற்றிலும் பட்டாசு ஆலைகள். ஆலையில் சனிக்கிழமை கூலி கொடுத்தால்தான் அன்று மாலை கடையில் பற்று அடையும். 2018 அக்டோபர் 23-ல் பசுமைப் பட்டாசு பற்றி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு பல ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. பற்றுப் பேரேடு நீண்டுகொண்டே போயிற்று. ஆலை முதலாளிகளுக்குப் பேச அவர்கள் சங்கம் இருந்தது. கடைக்காரருக்கு நின்ற வரவைப் பற்றி அதிகாரிகளிடம் எடுத்துச் சொல்ல அந்தந்த ஊர்ச் சங்கத்தில் எத்தனை பேர் இருந்தார்கள்?

இன்னொன்றையும் தம்பியிடம் சொன்னோம். விபத்து நடந்தால் என்ன பேசுவது என்பது பற்றி. நம் பக்கத்தில் இதைத் தவிர்த்துவிட்டு மக்கள் தொடர்பு பேச முடியாது. வெகு காலத்துக்கு முன்பு, ஒரு விபத்து நாளில், ஒரு சங்க நிர்வாகியிடம் நிருபர் ஒருவர் போனில் விவரம் கேட்டார். நிர்வாகி நல்லவர். காதில் விழுந்ததை அப்படியே சொல்லி, ஒரு பையன் பெயரையும் இறந்தவர்களோடு சேர்த்துவிட்டார். மறுநாள் அச்சில் வந்தது. பையன் ஆஸ்பத்திரியில் உயிரோடு இருந்தான். ஆனால், வாடிக்கையாக நம்மிடம் சரக்கெடுக்கும் கடையில் பேப்பரைப் பார்த்த அவன் தாயார் அந்த இடத்திலேயே விழுந்துவிட்டார். அதன் பிறகு அந்த நிர்வாகி எந்தக் கூட்டத்திலும் பேசவில்லை. ஆகவே எண்ணிக்கையும் பெயரும் காரணமும் அதிகாரிகள் சொல்லவேண்டியவை. கடைகள் எப்போது அடைப்பு, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு வியாபாரிகள் என்ன செய்கிறோம் என்பதைத்தான் நாம் சொல்லலாம். "எனக்குத் தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன்" என்று சொல்லப் பழகாதவர் இந்தப் பொறுப்புக்கு வரவேண்டாம்.

இனி, கேட்பது எப்படி என்பதற்கு வருவோம். இதில் நாம் பட்ட அடியையே சொல்லிவிடுகிறோம். 1991-ல் நாம் ஒரு சங்கத்தில் துணைச் செயலாளர் பொறுப்புக்கு நின்றோம். முப்பது வயது, புதுக்கடை, நல்ல வேட்டி. கிடைத்தது பதினொரு ஓட்டு. கோபத்தோடு வீட்டுக்குக் கிளம்பினவரை ஒரு பெரியவர் நிறுத்தி, "ஏம்ப்பா, போன வருசம் எத்தனை கூட்டத்துக்கு வந்த?" என்று கேட்டார். பொங்கல் விழாவுக்கும் பொதுக்குழுச் சாப்பாட்டுக்கும் வந்திருந்தோம். "சந்தா பாக்கி இருக்கா?" இருந்தது! நாற்காலியைக் கேட்டோமே தவிர வேலையைக் கேட்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

அந்த ஆண்டு தராசு முத்திரை முகாமை நடத்தும் வேலையை நாமே கேட்டு வாங்கினோம். ஒருவரும் விரும்பாத வேலை அது. கடை கடையாகச் சொல்லி, தராசும் படிக்கல்லும் மண்டபத்துக்கு வரவழைத்து, வரிசை பிரித்து, அதிகாரிக்கு மேசை போட்டு, ரசீது வாங்கிக் கொடுத்து, விட்டுப்போன கடைக்கு இரண்டாம் முறை நடக்கவேண்டும். மூன்று நாளில் நூறு கடைக்காரர் முகம் தெரிந்துவிட்டது. யாருக்கு எதில் குறை என்பதும் தெரிந்தது. இரண்டு ஆண்டு கழித்து அதே பொறுப்பை மறுபடி கேட்டபோது எதிர்ப்பே இல்லை.

ஆகவே, தம்பிகளே, நேரில் போய்க் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் கும்பிடு படம் அனுப்பி ஆதரவு கேட்பது சந்தைக்குப் போகாமல் சரக்கெடுப்பது போல. வியாபார நேரத்திலும் போகவேண்டாம். அதிலும் புதுப்பட்டிப் பக்கம் சனிக்கிழமை சாயங்காலம் போய் ஒருவர் கல்லாவுக்கு முன்னால் நின்றால் இருக்கிற ஓட்டும் போய்விடும். இப்போது இருக்கும் நிர்வாகியிடம் முதலில் சொல்லிவிடுங்கள். அவர் காதுக்கு மூன்றாமவர் வழியாகப் போனால் அது பகையாகத்தான் போய்ச் சேரும். இன்ன வேலையைச் செய்வேன், வாரத்தில் இத்தனை மணி நேரம் தருவேன், இன்னது என்னால் ஆகாது என்று மூன்றையும் சொல்லுங்கள். ஆகாததைச் சொல்பவரை வியாபாரி நம்புவான். போட்டிக் கடைக்காரரிடமும் போகவேண்டும். அவரிடம் போகத் தயங்கினால் அந்தத் தெருவுக்கே நீங்கள் பேச முடியாது.

சங்க விதிகளைப் படிக்காமல் நிற்காதீர்கள். சந்தா நிலுவை, உறுப்பினரான காலம், முன்மொழிபவர், வழிமொழிபவர் எல்லாம் அதில் இருக்கும். 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவான சங்கமாயின், நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. மறுபடி தேர்வு பெறலாம். ஆனால் தேர்வு நடந்தாக வேண்டும். குழு மாறினால் படிவம் 7-ல் மாவட்டப் பதிவாளருக்குத் தெரிவிக்கவேண்டும். தணிக்கையான கணக்கை ஆண்டுதோறும் தாக்கல் செய்யவேண்டும். "இருக்கவுகளே இருக்கட்டும்" என்று கைதட்டி இதையெல்லாம் விட்ட சங்கங்களில் பிறகு இரண்டு கோஷ்டி கிளம்பி, யார் உண்மையான செயலாளர் என்று சிவில் கோர்ட்டு வரை போயிருக்கிறார்கள். சந்தாப் பணம் வக்கீல் கட்டணமாகப் போவதைப் போலக் கொடுமை வேறில்லை.

கடைசியாகக் கடை. இதைத் தம்பி கேட்கவில்லை, நாமேதான் சொன்னோம். பொறுப்பிலிருந்த முதல் ஆண்டில் நாம் மாலை வசூலுக்குப் போவதை விட்டோம். கூட்டம், மனு, கலெக்டர் ஆபீஸ் என்று நாள் போயிற்று. ஒரு நாள் சிட்டை பேரேட்டில் ஏறவேயில்லை. ஏழு மூட்டை உளுந்தின் பணம் யார் பேரில் நிற்கிறது என்று இன்றுவரை தெரியாது. வீட்டில், "ஊர்க்கணக்கு எழுதப் போயி நம்ம கணக்கு போச்சு" என்று ஒரே வார்த்தை சொன்னார்கள். அதற்குப் பிறகு காலை பதினொரு மணி வரை சங்க வேலை இல்லை என்று போர்டே எழுதி மாட்டினோம். சங்கப் பணத்தைக் கல்லாவில் போடுவதையும் அன்றோடு விட்டோம். தனிப்பெட்டி, தனி ரசீதுப் புத்தகம், மறுநாள் பேங்க். ஐம்பது ரூபாய் சில்லறை மாற்றுவதற்குக்கூட இரண்டையும் கலக்கவேண்டாம். கல்லாவில் உட்கார வீட்டில் ஆள் இல்லாதவர், மகனோ தம்பியோ தலையெடுக்கும் வரை இரண்டு ஆண்டு பொறுப்பதில் தவறில்லை.

எல்லாம் கேட்டுவிட்டுத் தம்பி, "கடையில வீட்டுக்காரி உட்காருவா அண்ணாச்சி, அவ என்னையவிடக் கணக்குல கெட்டி" என்றார். போன வாரம் மறுபடி வந்தார். சந்தா பாக்கியைக் கட்டிவிட்டாராம். தராசு முகாம் வேலையையும் கேட்டு வாங்கியிருக்கிறார். தெருவில் நாற்பது கடையில் முப்பத்திரண்டுக்கு நேரில் போய்விட்டார். மிச்சம் எட்டு. அதில் ஒன்று அவர் கடைக்கு நேர் எதிரே இருக்கும் கடை. "நாளைக்குக் காலம்பர அங்கதான் மொதல்ல போறேன்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.