விலையில் ஏறாத உழைப்பு

ஹைதராபாத் கோட்டி பகுதியிலுள்ள குஜராத்தி கல்லிக்குள் நுழைந்தால் இருபுறமும் மின்னணு உதிரிப்பாகக் கடைகள். மின்தடையோ மின்தேக்கியோ ஒன்றிரண்டாகவே வாங்கலாம். 1967-இல் தொடங்கப்பெற்ற எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா நிறுவனம் டி.டி.சி. வரிசைக் கணினிகளைத் தயாரித்த நகரமும் இதுவே. பழங்கணினிகளுக்குத் துணைக்கருவி செய்து விற்க விழையும் ஆர்வலருக்கு இதனினும் பொருத்தமான ஊர் அமைவது அரிது. ஆயினும் அவர்களுள் பலர் கணக்கில்தான் இடறுகின்றனர்.

சிங்க்ளேர் ஸ்பெக்ட்ரம் கணினியையே எடுத்துக்கொள்வோம். 1982-இல் பிரிட்டனில் வெளிவந்த அதனை, பின்னர் புணேயின் டெசிபெல்ஸ் நிறுவனம் 'டிபி ஸ்பெக்ட்ரம்' என்னும் பெயரில் இங்கும் தயாரித்து விற்றது. ஒலிநாடாவிலிருந்து ஒரு விளையாட்டை ஏற்றவே ஐந்து நிமிடம் ஆகும். நினைவக அட்டையிலிருந்து நொடிகளில் ஏற்றும் கருவியை ஆர்வலர்கள் இன்று கையாலேயே பற்றவைத்துச் செய்கின்றனர். அட்டைக்கு 3.3 வோல்ட், கணினிக்கோ 5 வோல்ட். இணைப்பில் பிழை நேர்ந்தால், நாற்பதாண்டு பிழைத்திருந்த கணினியே பழுதாகக்கூடும். ஆகவே ஒவ்வொன்றையும் உண்மையான பழங்கணினியில் பொருத்திச் சோதித்தாக வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. பாகங்களுக்கு ₹1,100, உழைப்பு நான்கு மணி நேரம், விற்பனை விலை ₹1,500 என்க. பத்துக் கருவிகளில் மிஞ்சுவது ₹4,000. ஒன்று பழுதாகித் திரும்பி, அதற்கு ஈடாக இன்னொன்றைச் செய்து அனுப்பினால் ₹2,900 எஞ்சும். உழைப்போ 44 மணி நேரம். மணிக்கு ₹66 கூடத் தேறவில்லை! அஞ்சற் செலவை நாம் இன்னும் சேர்க்கவில்லை.

பழைய சில்லுகளின் வரத்தும் சுருங்குகிறது. ஸ்பெக்ட்ரத்தின் இதயமான இசட்80 சில்லு 1976 முதல் விற்பனையில் இருந்தது. சைலாக் நிறுவனம் அதற்கான இறுதிக் கொள்முதல் ஆணைகளை 2024 ஜூன் மாதத்தோடு நிறுத்திக்கொண்டது. இத்தகைய அறிவிப்பைக் கண்டதும் சேமிப்பு முழுவதையும் சில்லுகளாக வாங்கிக் குவிக்கத் தோன்றும். பெட்டியில் உறங்கும் சில்லும் முடங்கிய பணமே.

இத்தகைய பொருளை வாங்குவோர் நாடெங்கும் சிதறியிருப்பர். மாநில எல்லை தாண்டிப் பொருள் விற்பவர், விற்றுமுதல் சிறிதாயினும், பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு பெற வேண்டும். முன்பணம் பெறுவோர் அதனைத் தனிக் கணக்கில் வைப்பது நன்று; பாகங்கள் வரத் தாமதமானால் திருப்பித் தர அதுவே கைகொடுக்கும்.

முத்ரா திட்டத்தின் 'சிசு' பிரிவில் ₹50,000 வரை கடன் பெறலாம். எனினும், முதலில் பத்தே கருவிகள் செய்யுங்கள் என்போம். அவை விற்றுத் தீர்ந்து, திரும்பி வந்தவற்றையும் எண்ணிப் பார்த்த பின்னர் விண்ணப்பத்துடன் வாருங்கள்.