மேடைக்குத் தைப்பது வேறு

சென்னைப் புறநகரான நெமிலிச்சேரியில் சென்னை ரயிலேறினால் ஆவடி மூன்றாவது நிறுத்தம். ராணுவச் சீருடைகள் தைக்கும் ஓசிஎஃப் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. 2021 முதல் ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் லிமிடெட் என்ற அரசு நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. ரயிலுக்குப் பதில் வெளிவட்டச் சாலையைப் பிடித்துத் தெற்கே போய், பெங்களூரு நெடுஞ்சாலையில் திரும்பினால் செம்பரம்பாக்கத்தில் ஈவிபி ஃபிலிம் சிட்டி. ஆவடியில் தைப்பதும் துணிதான், செம்பரம்பாக்கத்தில் படப்பிடிப்புக்கு வந்திறங்குவதும் துணிதான். ஆனால் இரண்டும் வேறு வேறு தொழில்கள்.

சீருடை என்றால் ஒன்று போலவே ஆயிரக்கணக்கில் வரவேண்டும். நாடகத்துக்கோ ஒரு பாத்திரத்துக்கு, ஒரு காட்சிக்கு என்று தைக்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டு நடிகர் ஆடுவார், விழுவார், இரண்டே நிமிடத்தில் வேறு உடையில் மேடையேறுவார். அதனால் வெளியே பொத்தான் வரிசை தெரிந்தாலும் உள்ளே வெல்க்ரோதான் ஒட்டியிருக்கும். நாளை வேறொருவர் அதே பாத்திரத்தை ஏற்கலாம் என்பதால் உள்மடிப்பில் தாராளமாகத் துணி விடுவார்கள். சினிமாச் சண்டைக் காட்சி என்றால் ஒரே சட்டையில் நாலைந்து வேண்டும்: கசங்காதது, கிழிந்தது, ரத்தக்கறை படிந்தது. புதுத் துணியை டீத்தண்ணீரில் ஊறவைத்து, உப்புத்தாளால் தேய்த்துப் பழசாக்குவதும் இந்தத் தொழிலில் ஒரு பாடம்.

இப்படி யோசித்துத் தைத்ததற்கு அடையாறிலேயே நல்ல உதாரணம் உண்டு. 1935இல் பிரம்மஞான சபையில் முதன்முதலாக பரதம் ஆடிய ருக்மிணி தேவி அருண்டேல், இத்தாலியத் தையற்காரப் பெண்மணி ஒருவரின் உதவியோடு தன் ஆடையை வடிவமைத்தார். இன்றைய பரத உடையில் அரைமண்டியில் அமரும்போது விசிறி மடிப்பு விரிகிறது, எழுந்தால் மடங்கிக்கொள்கிறது. நாட்டியத்தின் அசைவு தெரியாதவர் எத்தனை நேர்த்தியாகத் தைத்தாலும் அந்த மடிப்பு உட்காராது.

ஆகவே தையல் தெரிந்தால் பாதிக் கிணறுதான் தாண்டியதாகும். அரசு ஐடிஐக்களில் தையல் தொழில்நுட்பம் ஓராண்டுப் படிப்பு. எட்டாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். அளவெடுப்பு, கட்டிங், மிஷின் பழக்கம் எல்லாம் அதில் கைவரும். வடிவமைப்பில் பட்டம் வேண்டுமென்றால் தரமணியிலுள்ள நிஃப்டில் நுழைவுத்தேர்வு எழுதி நான்காண்டு படிக்கலாம். நாடகத்தையே முழுமூச்சாகக் கற்க டெல்லியில் 1959இல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளி இருக்கிறது. படித்து முடித்தாலும் ஒரு மூத்த காஸ்ட்யூமரிடம் ஹூக் தைத்து, அயர்ன் பண்ணி, எந்தக் காட்சியில் எந்த உடை என்று கன்டினியூட்டி நோட்டு எழுதிப் பழகும் காலத்தைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் கூடாது.

'காந்தி' படத்துக்காக 1983இல் உடை வடிவமைப்புக்கான ஆஸ்கரைப் பகிர்ந்துகொண்ட பானு அதையா, மும்பை ஜே.ஜே. கலைப்பள்ளியில் ஓவியம் பயின்றவர். 'பரதேசி'க்காகத் தேசிய விருது பெற்ற பூர்ணிமா ராமசாமி, தேயிலைத் தோட்டக் கூலிகளின் வறுமையைத் துணியிலேயே காட்டினார். இருவருக்கும் கதையைப் படிக்கத் தெரிந்திருந்தது.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் நெமிலிச்சேரிப் பிள்ளைகள் காஞ்சிபுரம் பக்கம் விடிய விடிய நடக்கும் கட்டைக்கூத்து நாடகம் ஒன்றுக்குப் போய்வரலாம். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கி, கண்ணாடித் துண்டுகள் பதித்த கிரீடமும் புஜக்கட்டையும் இரவு முழுக்க ஆடியும் அவிழாமல் நிற்கும். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து எந்தக் கயிறு எங்கே முடிச்சாகிறது என்று பார்க்க வேண்டும். விடிந்ததும் அவற்றைக் கழற்றிப் பெட்டியில் அடுக்கும் வரை கூடவே இருக்க வேண்டும்.