‘டாக்டர் ஓட்டின வண்டி சார்!’
நெடும் பயணத்துக்குப் பழைய கார் தேடுவோரே, உஷார்!

"ஒரே கை சார். டாக்டர் ஓட்டினது. வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான் போச்சு. மீட்டரைப் பாருங்க, முப்பத்தெட்டாயிரம்தான்!"

சென்னையில் பழைய கார் வாங்கப் போகிறவர் காதில் முதலில் விழுகிற பாட்டு இது.

விற்கிற வண்டியெல்லாம் டாக்டர் வண்டி என்றால், ஊரில் இத்தனை டாக்டர்களா என்று கேட்கத் தோன்றும். ஆனால் யாரும் கேட்பதில்லை. பளபள பாலீஷ், புது சீட் கவர், ஜில்லென்ற ஏ.சி. மூன்றும் சேர்ந்து ஆளை மயக்கி விடும்.

பொங்கலுக்கு நாகர்கோவில், மே மாத லீவில் மைசூர், முடிந்தால் ஒரு தடவை மும்பை வரை. இப்படி ஊர் சுற்ற ஆசைப்படும் குடும்பங்கள் ஏராளம். புது கார் விலை கட்டுபடியாகாது. ஆகவே பழசு தேடுகிறார்கள். வருஷக்கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் ஒரே நாளில் கை மாறுகிறது.

அந்த வண்டி ராத்திரி இரண்டு மணிக்கு, விழுப்புரம் தாண்டி, பெண்டாட்டி பிள்ளைகளோடு நடுரோட்டில் நின்றால்?

எது சொகுசு?

கடைத்தெருவில் பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்தால் எல்லா காரும் சொகுசுதான். சென்னையிலிருந்து கன்னியாகுமரி சுமார் 700 கிலோ மீட்டர். ஆறாவது மணி நேரத்தில் இடுப்பு என்ன சொல்கிறது என்பதுதான் கணக்கு.

முதலில் பார்க்க வேண்டியது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம். இது கூடக் கூட, பள்ளத்தில் இறங்கி ஏறும்போது வண்டி தொட்டில் போல் ஆடுவது குறையும். மாருதி 800-இல் இது 2,175 மில்லி மீட்டர். அம்பாசடரில் 2,464. கான்டசாவில் 2,667. இன்னோவாவில் 2,750.

அடுத்தது சீட். உட்கார்ந்தால் தொடை முழுக்கத் தாங்க வேண்டும். முழங்கால் மேலே தூக்கிக் கொண்டு நின்றால் நூறு கிலோ மீட்டரில் கால் மரத்துவிடும். பின் சீட்டில் வயதானவர்களை உட்கார வைத்து, அவர்களாகவே இறங்கச் சொல்லிப் பாருங்கள். தாழ்வான வண்டி என்றால் அங்கேயே தெரிந்து போகும்.

அந்தக் காலத்து ராஜாக்கள்

சிலருக்கு அம்பாசடர் மேல் தீராத காதல். சோபா போன்ற சீட், எந்த ரோட்டிலும் அசராத உடம்பு. அதன் உற்பத்தி 2014-இல் நின்று போனது. கான்டசாவுக்கும் தனி ரசிகர் கூட்டம் உண்டு. 1984-இல் வந்து, 2002-இல் மறைந்த வண்டி அது. பின்னாளில் வந்த இசுசு எஞ்சின் மாடலுக்குத்தான் கிராக்கி.

சென்னைக்காரர்கள் மறக்க முடியாத இன்னொன்று ஸ்டாண்டர்டு 2000. இங்கிலாந்தின் ரோவர் காரின் உடம்பு, பழைய வான்கார்டு காரிலிருந்து வந்த எஞ்சின். 1985-இல் ஜோராக வந்தது. பெட்ரோல் குடிக்கிறது என்ற கெட்ட பெயரோடு சில வருஷத்தில் காணாமல் போனது.

இவை ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்கு ஓட்டிப் போக அழகு. ஆயிரம் கிலோ மீட்டர் பயணத்துக்கு? புதுப்பேட்டையில் தேடினால் பழைய சாமான் கிடைக்கலாம். ஆந்திர எல்லையில் நின்று போனால் அங்கே யார் தருவார்கள்? கம்பெனியே இல்லாத வண்டிக்கு ஒரு சின்ன ரப்பர் புஷ்ஷுக்காக இரண்டு நாள் லாட்ஜில் தங்க நேரிடும்.

எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைக்கக்கூடிய வண்டி, எந்த ஊர் கடையிலும் சாமான் கிடைக்கும் வண்டி. வெளியூர் போகிறவருக்கு அதுதான் ராஜா.

2005-இல் குவாலிசுக்குப் பதிலாக வந்த இன்னோவாவுக்குப் பழசிலும் விலை இறங்காததற்கு இது ஒரு காரணம். ஆனால் அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மஞ்சள் போர்டில் லட்சக்கணக்கான கிலோ மீட்டர் ஓடிய டிராவல்ஸ் வண்டி, வெள்ளை போர்டுக்கு மாறி ‘குடும்ப வண்டி’யாக வந்து நிற்கும். வாடகை வண்டியாக இருந்ததா என்று ஆர்.டி.ஓ. ஆபீஸ் பதிவில் பார்த்துவிட வேண்டும்.

மீட்டர் மாயம்

பத்து வருஷ வண்டி, முப்பத்தெட்டாயிரம் கிலோ மீட்டர். இதை வகுத்துப் பாருங்கள். நாளுக்குச் சுமார் பத்து கிலோ மீட்டர்தான் ஓடியிருக்க வேண்டும்.

அப்படியானால் கிளட்ச் மிதியின் ரப்பர் ஏன் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது? ஸ்டீயரிங் ஏன் எண்ணெய் தடவியது போல் மின்னுகிறது? டிரைவர் சீட் ஏன் ஒரு பக்கம் அமுங்கியிருக்கிறது?

மீட்டரைத் திருப்பி வைக்க இன்று ஸ்குரூ டிரைவர்கூட வேண்டாம். சின்னக் கருவியைச் சொருகினால் லட்சம் ஆயிரமாகும்.

டயரையும் பார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷத்தின் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் இருந்தாலும், வருஷம் ஆன டயர் இறுகி, வெடிப்பு விட்டுவிடும். மே மாத வெயிலில், நூறு கிலோ மீட்டர் வேகத்தில் அது வெடித்தால் விளைவைச் சொல்லத் தேவையில்லை.

வெள்ளத்தில் குளித்த வண்டி

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் ஆயிரக்கணக்கான கார்கள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் பள்ளிக்கரணையில் கார்கள் மிதந்து போன காட்சியை ஊரே பார்த்தது.

அந்த வண்டிகள் எல்லாம் எங்கே போயின? எல்லாமே காயலான் கடைக்குப் போகவில்லை. கழுவி, காய வைத்து, பெயிண்ட் அடித்துப் புது மாப்பிள்ளையாக வந்தவையும் உண்டு.

கண்டுபிடிப்பது எப்படி? சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சேற்றுக் கறை இருந்தால் கதை முடிந்தது. சீட்டுக்கு அடியில் இரும்புத் தண்டவாளத்தில் துரு, மிதியடிக்குக் கீழே புழுங்கல் நாற்றம், ஸ்டெப்னி குழியில் வண்டல். இவை பொய் சொல்லாது. ஒயரிங்கில் தண்ணீர் புகுந்த வண்டி இன்று ஓடும், ஆறு மாதம் கழித்து நடுக்காட்டில் விளக்கை அணைத்துவிட்டு நிற்கும்.

வெயிலில் ஓட்டு

காலை ஆறு மணிக்கு, குளிர்ந்த நேரத்தில் வண்டியைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பகல் பன்னிரண்டு மணிக்குக் கேளுங்கள். முழுக் குடும்பத்தோடு, ஏ.சி. போட்டு, தாம்பரம் தாண்டி செங்கல்பட்டு வரை ஓட்டிப் பாருங்கள்.

சூடு காட்டும் முள் மேலே ஏறுகிறதா? டிராபிக்கில் நிற்கும்போது ஏ.சி. வெந்நீர்க் காற்றாகிறதா? வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்குகிறதா? பிரேக் போட்டால் ஒரு பக்கம் இழுக்கிறதா? எதற்கும் ‘சின்ன வேலை சார்’ என்பார் புரோக்கர். சின்ன வேலையானால் அவரே முடித்துத் தரட்டும்.

சாவி திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால், விபத்தில் ஏர்பேக் வெடித்து, மாற்றாமல், ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள் என்று சந்தேகப்படலாம். ஏ.பி.எஸ். பிரேக் 2019 ஏப்ரலிலும், டிரைவர் பக்க ஏர்பேக் அதே வருஷம் ஜூலையிலும்தான் புது கார்களுக்குக் கட்டாயம் ஆயின. அதற்கு முந்தைய மாடலில் இவை இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது நல்லது.

பெட்ரோல் வண்டியில் இன்னொரு விஷயம். 2025-இல் பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பு நாடெங்கும் வந்துவிட்டது. அதற்கென்று செய்யப்படாத பழைய வண்டியில் மைலேஜ் கொஞ்சம் குறையும். பெட்ரோல் போகும் ரப்பர் குழாய்களையும் மெக்கானிக்கிடம் காட்டிவிட வேண்டும்.

புத்தகம் யார் பேரில்?

வண்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஆர்.சி. சரியில்லாவிட்டால் சொகுசு போலீஸ் நிலையத்தில் முடியும். சேஸிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் புத்தகத்தோடு ஒத்துப் பார்ப்பது முதல் வேலை. கடன் பாக்கி இருந்தால் பைனான்ஸ் கம்பெனி பெயர் அதில் இருக்கும். அபராதச் சலான் பாக்கியைப் போனிலேயே பார்க்கலாம். பழைய கார் வியாபாரிகள் ஆர்.டி.ஓ. அங்கீகாரம் பெற வேண்டும் என்று 2023 ஏப்ரல் முதல் விதி இருக்கிறது. அதைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

டெல்லி வண்டி சல்லிசாக வருகிறது என்று ஆசை காட்டுவார்கள். அங்கே 10 வருஷ டீசல், 15 வருஷ பெட்ரோல் வண்டிகளுக்கு விழுந்த கட்டுப்பாடுதான் அந்த மலிவின் ரகசியம். என்.ஓ.சி., இங்கே மறுபதிவு, சாலை வரி எல்லாம் கூட்டினால் மலிவு காணாமல் போகும். சொந்த கார் பதிவு 15 வருஷம்தான். பிறகு ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயானது.

விற்றவருக்கும் ஒரு எச்சரிக்கை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டோம், இனி நமக்கென்ன என்று இருக்கக் கூடாது. 2009-இல் ஒரு கார் மோதி ஒரு சிறுவன் இறந்தான். அந்த வண்டி அதற்குள் பல கை மாறியிருந்தது. ஆனால் புத்தகத்தில் பெயர் மாறவில்லை. நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு, புத்தகத்தில் பெயர் உள்ளவரே என்று 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது.

வண்டியை விற்றவர் உள்ளூர் என்றால் 14 நாளில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள் கெடு. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் 14 நாளில் எழுதிப் போட வேண்டும்.

பணம் எண்ணிக் கொடுக்கும் முன்பு, தெரிந்த மெக்கானிக் ஒருவருக்குச் சில நூறு ரூபாய் கொடுத்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குச் சம்மதிக்காத புரோக்கரிடம், டாக்டர் வண்டியே ஆனாலும், வாங்க வேண்டாம்.