காட்டுத்தீயை அணைக்கும் கைகளுக்குச் சான்றிதழ் எங்கே?

மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. வறண்ட ஆண்டுகளில் நீர்மட்டம் இறங்கி, பண்ணவாடியில் மூழ்கிக் கிடக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியின் தலை வெளியே தெரியும். அதே நாட்களில் நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த குன்றுகளும் காய்ந்து சருகாகியிருக்கும். மாசி தொடங்கி வைகாசி வரை அங்கே தீப்பருவம். பாலமலைச் சரிவில் தீப்பிடித்தால், கீழே தேங்கிக் கிடக்கும் அத்தனை நீரிலிருந்தும் ஒரு குடம்கூட மேலே போவதில்லை. தீயணைப்பு வண்டி காட்டுச் சரிவில் ஏறாது. பச்சைத் தழைக் கொத்தை ஒடித்து அடிக்க வேண்டும். தீ வரும் வழியில் புதரை வெட்டி, சருகைக் கூட்டித் தள்ளி, வெறுந்தரையாக்க வேண்டும். இந்த வேலையைச் செய்வோர் யார், அவர்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தது யார், கற்றதற்கு அவர்கள் கையில் என்ன சான்று இருக்கிறது என்பவற்றையே இங்கு நாம் ஆராய விரும்புகிறோம்.

முதலில் நிரந்தரப் பணிகள். தமிழ்நாட்டு வனத்துறையின் களப்பணியில் கீழ்ப்படி வனக்காவலர். அதற்கு மேல் வனக்காப்பாளர், வனவர், வனச்சரக அலுவலர். வனக்காவலருக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். வனக்காப்பாளராக விரும்புவோர் பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பாடம் படித்திருக்க வேண்டும். முன்பு வனத்துறையின் சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமம் நடத்திய ஆள்சேர்ப்பு, 2024இல் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 4 தேர்வோடு இணைக்கப்பட்டது. பொது அறிவும் தமிழும் எழுதித் தேற வேண்டும்; பிறகு உடல்தகுதி, அதில் நான்கு மணி நேரத்தில் 25 கிலோமீட்டர் நடக்கும் ஆண்களுக்கான சோதனை. தேர்வானவர்களுக்கு வைகை அணையிலுள்ள வனவியல் பயிற்சிக் கல்லூரி போன்ற இடங்களில் பயிற்சி உண்டு. வனச் சட்டம், மரவியல், கணக்கெடுப்பு ஆகியவற்றுக்கு நடுவே தீத்தடுப்பும் ஒரு பாடம். கவனிக்க வேண்டியது ஒன்று: தீயைப் பற்றிய அறிவு இத்தேர்வின் எந்தக் கட்டத்திலும் நுழைவுத் தகுதியாகக் கேட்கப்படுவதில்லை. இருபது கோடைகள் தீயோடு போராடிய ஒருவர் எழுத்துத் தேர்வில் தோற்றால் அவர் தகுதியற்றவர். தீயையே பார்த்திராத ஒருவர் தேறினால் தகுதியுடையவர்.

அந்த இருபது கோடைக்காரர்கள் இன்னொரு வரிசையில் நிற்கிறார்கள். தொகுப்பூதியத்தில் பணியாற்றும் வேட்டைத் தடுப்புக் காவலர்கள். தீப்பருவத்துக்கு மட்டும் தினக்கூலிக்கு அமர்த்தப்படும் தீக்காவலர்கள். தீத்தடுப்புக் கோடு வெட்டவும், தீப்பிடித்த அன்று ஓடிவரவும் அழைக்கப்படும் அடிவாரக் கிராமத்தினர். வேட்டைத் தடுப்புக் காவலர்களுள் பெரும்பாலோர் பழங்குடியினர். அவர்களைத் தனியார் முகமை வழியாக நியமிக்கும் முயற்சிக்கு எதிராக அவர்கள் போராட வேண்டியிருந்தது அண்மைக்கால வரலாறு. நிரந்தரப் பணியில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடும் (அதற்குள் அருந்ததியருக்கு 3), பழங்குடியினருக்கு 1 விழுக்காடும் உண்டு. பருவக் கூலிக்கு அறிவிக்கையும் இல்லை, இனச்சுழற்சியும் இல்லை. ஒன்றிய அரசுத் துறைகளில் 45 நாட்களுக்கும் மேல் நீடிக்கும் தற்காலிக நியமனங்களுக்கு இடஒதுக்கீடு பொருந்தும் என்று ஒன்றிய அரசு 2022இல் ஆணையிட்டது. அது மாநிலப் பணிகளைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் மூன்று, நான்கு மாதம் நீளும் தீக்காவல் பணிக்கும் அதே நெறி ஏன் கூடாது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

இந்த ஏற்பாட்டின் வேர் சட்டத்திலேயே இருக்கிறது. 1927ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டத்தின் 79ஆம் பிரிவு, காட்டில் உரிமை பெற்றோர், மேய்ச்சலுக்கும் வனப்பொருளுக்கும் அனுமதி பெற்றோர் ஆகியோர் காட்டுத்தீயை அணைக்கக் கடமைப்பட்டவர்கள் என்கிறது. காட்டை ஒட்டிய கிராமங்களில் அரசிடம் ஊதியம் பெற்று ஊருக்குப் பணி செய்வோரையும் அதே கடமையில் கட்டுகிறது. மறுத்தால் ஒரு மாதம் வரை சிறை, அல்லது 200 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஊருக்குப் பணி செய்வோர் என்ற சொற்றொடரை நாம் நிறுத்திப் படிக்க வேண்டும். பம்பாய் மாகாணத்தில் அவ்வரையறைக்குள் வரக்கூடியவர்கள் வத்தன் முறையில் கட்டுண்டிருந்த மகர்கள். இச்சட்டம் வந்த மறு ஆண்டே, 1928இல், அந்தப் பரம்பரை ஊழிய முறையைத் திருத்தக் கோரி அண்ணல் அம்பேத்கர் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். தமிழ்நாட்டுக்கு 1882ஆம் ஆண்டின் தனி வனச் சட்டம் உண்டு. அது காப்புக்காட்டில் தீ மூட்டுவதைக் குற்றமாக்குகிறது. தீப்பிடித்தவுடன் முதல் சந்தேகம் ஆடு மேய்ப்பவர் மீதும் சுள்ளி பொறுக்குபவர் மீதும் விழுவது நாம் அறிந்த நடைமுறை. ஆக, காட்டோரத்து மனிதர் வனச் சட்டத்தின் கண்ணில் ஒன்று குற்றவாளி, இல்லையேல் கட்டாய உழைப்பாளி. தொழில் தெரிந்தவர் என்ற மூன்றாம் இடம் அவருக்கு ஒதுக்கப்படவே இல்லை.

இதன் விலை உயிர். 2020 பிப்ரவரியில் கேரளத்தின் திருச்சூர் மாவட்டம் கொட்டம்பத்தூரில் தீயணைக்கச் சென்ற மூவர் கருகி இறந்தனர், மூவரும் வாட்சர்கள். 2024 ஜூன் 13 அன்று உத்தராகண்டின் பின்சார் சரணாலயத்தில் நால்வர் இறந்தனர். ஒருவர் பீட் அலுவலர், ஒருவர் தீக்காவலர், ஒருவர் மாநில இளைஞர் காவல்படை வீரர், ஒருவர் தினக்கூலி. தீ நால்வரையும் ஒன்றாகவே நடத்தியது. சம்பளப் பட்டியல் அப்படி நடத்தியதில்லை.

நம் மாநிலத்தில் காட்டுத்தீ பேசுபொருளானது 2018 மார்ச் 11 குரங்கணித் தீக்குப் பிறகுதான். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதியிலிருந்தும் மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஹெலிகாப்டர்கள் வருமுன் சரிவில் ஏறிக் காயமுற்றோரைத் துணியிலும் போர்வையிலும் தூக்கி இறக்கியவர்கள் உள்ளூர் மக்கள்.

இனி, பயிற்சி என்றால் என்ன என்று பார்ப்போம். இத்துறையில் மிக விரிவான தகுதி முறையை வைத்திருப்பது அமெரிக்கா. அங்கு காட்டுத்தீ அணைப்பாளராகக் கடைநிலையில் சேரப் பட்டம் தேவையில்லை. தீயணைப்பு அடிப்படை, தீயின் நடத்தை, குழுவில் மனித இயல்பு, கட்டளை அமைப்பு ஆகியவற்றில் சில நாள் பாடமும் களப்பயிற்சியும் போதும். பிறகு 45 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 20 கிலோ, சுமையோடு மூன்று மைலை 45 நிமிடத்தில் நடந்து காட்ட வேண்டும். இவற்றை முடித்தவருக்குத் தகுதி அட்டை தரப்படுகிறது; அட்டை இல்லாதவரைத் தீமுனைக்கு அனுப்புவதில்லை. ஆண்டுதோறும் மறுபயிற்சி உண்டு. அடுத்த படிக்கு உயர, செய்து காட்டிய ஒவ்வொரு பணியையும் மேலாளர் ஒரு பணிப்புத்தகத்தில் கையொப்பமிட்டு உறுதி செய்கிறார். நம் கவனத்துக்குரியது இந்தப் புத்தகமே. அங்கே தகுதி என்பது எழுதிக் காட்டியதன்று, செய்து காட்டியது.

பாடத்தின் உள்ளடக்கமோ எளியது, ஆனால் உயிர் காப்பது. சரிவு 10 பாகை கூடினால் தீ மேலேறும் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும். எனவே தீக்கு மேலே நின்று வேலை செய்வது ஆபத்து, மேல்நோக்கி ஓடுவது அதைவிட ஆபத்து. பாலியெஸ்டர் துணி உருகித் தோலில் ஒட்டும். பருத்தியும் தோல் பூட்சும் வேண்டும். வேலையைத் தொடங்குமுன் நான்கு கேள்விகள்: தீயைக் கண்காணிக்க ஆள் நிறுத்தியாயிற்றா, அவரோடு பேச வழி உண்டா, தப்பியோடும் பாதை எது, போய்ச் சேரும் பாதுகாப்பான இடம் எது? பல வேளைகளில் அந்தப் பாதுகாப்பான இடம் ஏற்கெனவே எரிந்து முடிந்த கருந்தரைதான். இது ஒரு விபத்தின் வழியே உலகுக்குத் தெரிந்த பாடம். 1949 ஆகஸ்டில் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து மான் கல்ச் சரிவில் தீ துரத்த, குழுத்தலைவர் வாக்னர் டாட்ஜ் தம் முன்னாலிருந்த புல்லுக்குத் தாமே தீ வைத்து, அது எரிந்த சாம்பலில் குப்புறப் படுத்து உயிர் தப்பினார். கூட இருந்தவர்களுக்கு அவர் செய்வது விளங்கவில்லை. 13 பேர் இறந்தனர்.

தீயைக் கொண்டு தீயை ஆளும் இந்த அறிவு எம் மக்களுக்குப் புதிதன்று. மேட்டூரிலிருந்து கொளத்தூர், பாலாறு வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகும் பாதைக்கு அப்பால், சாமராஜநகர் மாவட்டத்துப் பிலிகிரி ரங்கன் மலையில் சோளிகர்கள் தரகு பெங்கி என்ற சருகுத்தீயைக் கோடையின் முற்பகுதியிலேயே மூட்டி வந்தார்கள். தாழ்ந்து எரியும் அத்தீ காய்ந்த சருகைத் தின்றுவிடும். பின்னால் பெருந்தீக்கு இரை மிஞ்சாது. சரணாலயம் வந்தது, சருகுத்தீ தடை செய்யப்பட்டது. பிறகு உண்ணிச்செடி காடெங்கும் மண்டியதற்கு அத்தடையும் ஒரு காரணம் என்று சோளிகர்கள் சொல்கிறார்கள். ஆய்வாளர்களும் அதை எடுத்துப் பேசியிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் இதே போன்ற முற்கோடைத் தீயிடலைப் பூர்வகுடி வனக்காவலர்கள் ஊதியம் பெறும் தொழிலாகவே செய்கிறார்கள். அங்கே அது தொழில். இங்கே அது குற்றம்.

ஆனால் பயிற்சி கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் நம்பத் தயாராக இல்லை. கலிஃபோர்னியாவில் சிறைக்கைதிகள் பல பத்தாண்டுகளாகக் காட்டுத்தீ அணைத்து வருகிறார்கள்; நெடுங்காலம் அவர்களுக்குக் கிடைத்த கூலி நாளுக்குச் சில டாலர்தான். பயிற்சி உண்டு, அனுபவம் உண்டு. விடுதலையான பிறகு அதே வேலைக்கு விண்ணப்பித்தால், தேவையான மருத்துவ அவசர உதவி உரிமம் பழைய தண்டனையைக் காட்டி மறுக்கப்படும். 2020இல் ஒரு சட்டத் திருத்தம் வந்த பிறகே பதிவை நீக்கக் கோரும் வழி திறந்தது. அமெரிக்கச் சிறைகளில் கறுப்பின மக்களின் விகிதம் என்ன என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். திறமையை வாங்கிக்கொண்டு தகுதியை மறுக்கும் கலை சாதிச் சமூகத்துக்கு மட்டும் உரியதன்று.

நம் பகுதியில் அந்த மறுப்பு நுட்பமாக நடக்கிறது. தொகுதி 4 அறிவிக்கையில் வனக்காவலர் (பழங்குடியின இளைஞர்) என்றொரு தனிப் பிரிவு இருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் மலையாளிப் பழங்குடியினர் சேலம், தருமபுரி போன்ற பழைய மாவட்ட எல்லைகளுக்குள் இருந்தால்தான் பட்டியல் பழங்குடியினர். மேட்டூருக்கு மேற்கே, ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலையில் வாழும் அதே மக்களுக்கு அந்தச் சான்று கிடையாது. காட்டுக்குத் தெரியாத எல்லைக்கோடு வேலைக்குத் தெரிகிறது. அடிவாரத்தில் வாழும் தலித் மக்களின் நிலை இன்னும் கடினம். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சமூகக் காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் கிராமசபைக்கு உரிமை தருகிறது. ஆனால் பழங்குடியல்லாதோர் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கே வாழ்ந்து காட்டைச் சார்ந்திருந்ததை நிறுவ வேண்டும். நிலமே இல்லாமல் வைக்கப்பட்ட மக்களிடம் 75 ஆண்டுக்கு முந்தைய ஆவணம் கேட்பது எத்தகைய நியாயம்?

செய்ய முடியாத காரியத்தை நாம் கேட்கவில்லை. 2024 அக்டோபரில் அரசு 40 மலையேற்றப் பாதைகளோடு ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தைத் தொடங்கியபோது, பழங்குடி மற்றும் காட்டோரக் கிராமங்களின் இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்தது. சுற்றுலாப் பயணியின் பாதுகாப்புக்கு அரசால் பயிற்சி தர முடிகிறது என்றால், அந்தப் பாதைகளில் தீயணைப்பவருக்கும் தர முடியும். முன்பே கற்ற திறனைச் சோதித்துச் சான்றளிக்கும் வழி பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் பெயரளவில் இருக்கிறது. தீக்காவலர் ஒவ்வொருவருக்கும் ஒரு பணிப்புத்தகம். எந்த ஆண்டு, எந்தச் சரகம், எத்தனை நாள், என்ன வேலை என்ற பதிவு. அந்தப் பதிவுக்கு வனக்காவலர் தேர்வில் மதிப்பெண். தீமுனைக்குப் போகும் எவருக்கும் காப்பீடு. இவையே நம் கோரிக்கையின் சாரம்.

கல்லூரி மாணவர்களுக்கு இடையில் ஒரு சொல். சேலம், நாமக்கல் பகுதியில் ஃபயர் அண்ட் சேஃப்டி டிப்ளமோ என்ற பெயரில் கட்டணம் வாங்கும் தனியார் நிறுவனங்கள் பல. அங்கே கற்பிக்கப்படுவது பெரும்பாலும் ஆலை, கட்டடப் பாதுகாப்பு. வனக்காவலர் பணிக்கோ வனக்காப்பாளர் பணிக்கோ கேட்கப்படும் தகுதி அதுவன்று. தமிழ்நாடு தீயணைப்புத் துறையிலும் தீயணைப்பாளராக அடிப்படைத் தகுதி பத்தாம் வகுப்புதான், பயிற்சியைத் துறையே தருகிறது. கடன் வாங்கிக் கட்டணம் கட்டுமுன், அச்சான்றிதழை எந்த அரசு அமைப்பு ஏற்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். காட்டைத் தொழிலாகக் கொள்ள விரும்புவோர்க்கு மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியின் வனவியல் பட்டம் இருக்கிறது. அங்கே இடஒதுக்கீடும் இருக்கிறது.

செயல்பாட்டாளர்களுக்கான வேலை இதைவிட உடனடியானது. தீத்தடுப்புக் கோடு வெட்டும் பணி கோடைக்கு முன்பே நடந்தாக வேண்டும். எனவே ஐப்பசியிலேயே சேலம் மாவட்ட வன அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம்: மேட்டூர் வனச்சரகத்தில் கடந்த ஐந்து தீப்பருவங்களில் அமர்த்தப்பட்ட தீக்காவலர் எத்தனை பேர், நாட்கூலி எவ்வளவு, எத்தனை நாள் பயிற்சி, யாருக்கெல்லாம் பூட்ஸ் வழங்கப்பட்டது, காப்பீடு யார் பெயரில். கட்டணம் 10 ரூபாய். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும்.