ஏரியா பெருசா... வரி பெருசா?

1995, ஆகஸ்ட் 3. நியூயார்க்கில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் இருக்கும் பாரமவுண்ட் தியேட்டர். 'தி சோர்ஸ்' பத்திரிகை நடத்தும் ஹிப்-ஹாப் விருது விழா. 'சிறந்த புதிய ராப் குழு' என்று அறிவிக்கிறார்கள். ஜெயித்தது அவுட்காஸ்ட்! அட்லாண்டாவிலிருந்து வந்திருந்த ரெண்டே பசங்க... ஆந்த்ரே, பிக் பாய். ரெண்டு பேருக்கும் வயசு 20. அதாவது நம்ம தேர்ட் இயர் வயசு.

மேடை ஏறுகிறார்கள். கைதட்டலா? ம்ஹூம். 'ஊ...' என்று ஒரே கூச்சல்! அரங்கம் முழுக்க நியூயார்க்வாசிகள். 'ராப் எங்க ஊர்ச் சரக்கு. தெற்கேர்ந்து வந்த பட்டிக்காட்டுப் பசங்களுக்கு விருதா?' இதுதான் அந்தக் கூச்சலுக்கு அர்த்தம். மைக்கைப் பிடித்த ஆந்த்ரே நீளமாகப் பேசவில்லை. தெற்குக்காரங்களுக்கும் சொல்ல விஷயம் இருக்கு என்கிற ரீதியில் சுருக்கமாக ஒரு போடு போட்டுவிட்டு இறங்கிவிட்டார்.

பழைய ஹிப்-ஹாப் பற்றி எந்தச் சண்டை கிளம்பினாலும் கடைசியில் அந்த ராத்திரியில்தான் வந்து நிற்கும். ஈஸ்ட் கோஸ்ட்டா, வெஸ்ட் கோஸ்ட்டா, சௌத்தா... யாரு கெத்து? ஹாஸ்டல் ரூமில் ராப் கேட்கிறவன் ரெண்டு பேர் இருந்தால் போதும், விடிய விடிய ஓடும். "வரின்னா நியூயார்க்தான் மச்சி. மத்ததெல்லாம் சும்மா பீட்டு" என்று ஒருத்தன் தீர்ப்பு சொல்வான். அந்த ஒருத்தன் ரொம்ப நாளாக நான்தான். இப்போது கட்சி மாறிவிட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு பில்ட்-அப்!

ஒரே ஊர்லயே ரெண்டு ஏரியா

ஏரியா பெருமை ஹிப்-ஹாப்புக்குப் பாதியில் ஒட்டிக்கொண்ட வியாதி இல்லை பாஸ், பிறவியிலேயே இருக்கு. 1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி, செட்விக் அவென்யூ, கதவு எண் 1520. ஸ்கூல் திறக்கிறதுக்கு முன்னாடி புது டிரெஸ் வாங்கக் காசு வேணும் என்று சிண்டி கேம்ப்பெல் என்ற பொண்ணு ஒரு பார்ட்டி வைக்கிறாள். ரெக்கார்ட் ஓட்டினது அவளுடைய அண்ணன் டிஜே கூல் ஹெர்க். ஹிப்-ஹாப்பின் பிறந்த நாள் என்று உலகமே கொண்டாடுவது இந்தத் தேதியைத்தான். அட்ரஸோடு பிறந்த இசை! அப்புறம் அட்ரஸுக்காகச் சண்டை வராமல் இருக்குமா?

வந்தது. 80களின் நடுவில் எம்.சி. ஷான் தன்னோட க்வீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பின் பெருமையை 'தி பிரிட்ஜ்' என்று ஒரு பாட்டாகப் போட்டார். 'அடப்பாவி, ஹிப்-ஹாப் உங்க ஏரியாவுலயா பொறந்துச்சு?' என்று பொங்கிவிட்டார் பிராங்ஸின் கே.ஆர்.எஸ். ஒன். 1986-ல் ஒரு பதிலடி, 1987-ல் இன்னொன்று. கவனிங்க, ரெண்டு பேருமே நியூயார்க். வெளியூர்க்காரன் எவனும் இன்னும் சீனுக்குள்ளேயே வரலை!

ஆனால், அந்தச் சண்டையில் ஒரு நல்லது நடந்தது. 'எதிராளியைவிட என் வரி பெட்டரா இருக்கணும்' என்கிற வெறி. 1987-ல் 'பெய்டு இன் ஃபுல்' ஆல்பத்தோடு வந்த ராக்கிம் ஆட்டத்தையே மாற்றினார். அதுவரை ராப் என்றால் பெரும்பாலும் வரிக் கடைசியில் ஒலி முட்டும். நம்ம தமிழ் மேம் நடத்துற இயைபு மாதிரின்னு வெச்சுக்கோங்க. ராக்கிம் அந்த ஒலியை வரிக்கு நடுவிலும் தூவினார். ஒரு வாக்கியத்தை வரியோடு முடிக்காமல் அடுத்த வரிக்குள் இழுத்துக்கொண்டு போனார். சின்ன வயசில் சாக்ஸஃபோன் வாசித்தவர், ஜான் கோல்ட்ரேனின் ரசிகர். மூச்சு எங்கே விடணும், எங்கே பிடிக்கணும் என்பதை ஜாஸிலிருந்து எடுத்துக்கொண்டார்.

அந்த வழியில் வந்தவர்தான் நாஸ். ஹிப்-ஹாப் பிறந்த அடுத்த மாதமே பிறந்த பையன். வளர்ந்தது, சண்டைக்குக் காரணமான அதே க்வீன்ஸ்பிரிட்ஜில். 1994 ஏப்ரலில் 'இல்மேட்டிக்' வந்தபோது வயசு 20. மொத்தமே 40 நிமிஷம்தான். ஆனா, என்னா வெயிட்டு! அதில் 'ஒன் லவ்' என்று ஒரு பாட்டு. ஜெயிலில் இருக்கும் நண்பர்களுக்குக் கடிதம். உன் குழந்தை எப்படி இருக்கு, உன் ஆளு என்ன பண்றா, தெருவில் யாரு யாரோட மோதுறான்... அவ்வளவுதான் சமாச்சாரம். கேட்டு முடிக்கும்போது அந்தக் குடியிருப்பின் மாடிப்படியெல்லாம் நமக்குப் பழகிவிடும். 'சோர்ஸ்' பத்திரிகை அஞ்சுக்கு அஞ்சு மைக் கொடுத்தது இந்த ஆல்பத்துக்கு. கொடுக்கலைன்னாதான் தப்பு.

ரயிலும் காரும்

இப்போ மேற்கே போவோம். 1988-ல் என்.டபிள்யூ.ஏ.வின் 'ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்'. லாஸ் ஏஞ்சலீஸ் பக்கத்தில் காம்ப்டன் என்று ஒரு ஊர் இருப்பதே உலகத்துக்கு அப்போதுதான் தெரியும். போலீஸை வறுத்தெடுத்த ஒரு பாட்டுக்காக எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருத்தர் ரெக்கார்ட் கம்பெனிக்குக் கண்டனக் கடிதமே எழுதினார். 1992 கடைசியில் டாக்டர் ட்ரேயின் 'தி க்ரானிக்' வந்ததும் ரேடியோ மொத்தமும் மேற்கு கைக்குப் போனது. நியூயார்க் ஆசாமிகளுக்குக் காதில் புகை!

அவர்கள் சொன்ன குறை என்ன? 'பீட்டு சரி, வரி எங்கே?' இந்தக் கேள்வியில்தான் எனக்கு முதல் டவுட் வந்தது.

யோசிச்சுப் பாருங்க. நியூயார்க்கில் பாட்டு கேட்கிறவன் சப்வே ரயிலில், காதில் ஹெட்போனோடு நிற்கிறான். ஒவ்வொரு சொல்லும் நேரா மண்டைக்குள் போகும். நெருக்கி நெருக்கி எழுதலாம். அவன் ரீவைண்ட் பண்ணிக் கேட்பான். லாஸ் ஏஞ்சலீஸில் வாழ்க்கையே கார். ஜன்னலை இறக்கிவிட்டு, பேஸ் அதிர, மெதுவாகப் போகிறான். அங்கே ட்ரே பழைய ஃபங்க் இசையை எடுத்து நிதானமாக ஓடவிடுகிறார். அதன்மேல் ஸ்நூப் டாக் சோம்பலாகச் சாய்ந்துகொண்டு பேசுவது மாதிரி பாடுகிறார். எந்த இடத்தில் சொல்லை நிறுத்துகிறார், எங்கே இழுக்கிறார் என்று கவனிச்சா, அதுவும் ஒரு கைவேலைதான். 'நாஸ் மாதிரி நெருக்கி எழுதலை'ன்னு ஸ்நூப்பைத் திட்டுறது, 'ஏன் ஓடலை'ன்னு நீச்சல்காரனைத் திட்டுற மாதிரி.

'சரி, அப்போ மேற்கில் நெருக்கி எழுதுறவனே இல்லையா'ன்னு கேட்டா, லாஸ் ஏஞ்சலீஸிலேயே 'குட் லைஃப் கஃபே' என்று ஒரு ஹெல்த் ஃபுட் கடை இருந்தது. 1989 கடைசியிலிருந்து வாராவாரம் அங்கே ஓபன் மைக். ஒரே ஒரு கண்டிஷன்... கெட்ட வார்த்தை கூடாது! கேங்ஸ்டா ராப் கொடிகட்டிப் பறந்த அதே ஊரில், அதே வருஷங்களில். அந்த மேடையில் வளர்ந்த ஃப்ரீஸ்டைல் ஃபெல்லோஷிப் பசங்களின் வேகத்துக்கும் சொல் விளையாட்டுக்கும் நியூயார்க்கிலேயே ஈடு கொடுப்பவர்கள் கம்மி. ரேடியோவில் வராததால் நிறைய பேருக்குத் தெரியாமலே போச்சு. நம்ம சண்டையில் 'மேற்கு' என்று ஒரே டப்பாவில் போட்டு மூடுறோமே, உள்ளே இருப்பது இத்தனை தினுசு.

இன்னொரு கூத்து. என்.டபிள்யூ.ஏ.வில் வரிகளுக்கு முதுகெலும்பாக இருந்த ஐஸ் க்யூப், காசுத் தகராறில் வெளியே வந்தார். 1990-ல் தனி ஆல்பம். இசை அமைத்தது யார் தெரியுமா? நியூயார்க்கின் பப்ளிக் எனிமி குழுவுக்கு இசையமைத்த 'பாம் ஸ்குவாட்'! மேற்கின் கோபம், கிழக்கின் சத்தம். அந்த ஆல்பத்தை எந்த ஏரியா கணக்கில் எழுதுறது?

உச்சரிப்பும் ஒரு எதுகை

தெற்கு கதை இன்னும் மோசம். அங்கே வரியைக் கேட்கிறதுக்கு முன்னாடியே, உச்சரிப்பைக் கேட்டதும் சிரித்துவிட்டார்கள். கோயம்புத்தூர் 'ஏனுங்'கை சென்னை கிளாஸில் கலாய்ப்பார்களே, அதே கதை. தெற்கு இழுவையைக் கேட்டதும் 'இவன் மண்டு' என்று முடிவு.

ஆனால், ராப்பில் உச்சரிப்புதான் பாதி கவிதை. செயின்ட் லூயிஸ் ஊர்க்காரர் நெல்லியின் 2002 ஹிட்டை எடுத்துக்கோங்க. 'ஹியர்' என்கிற சொல் அவங்க ஊர் நாக்கில் 'ஹர்ர்' என்று உருளும். தலைப்பிலேயே எழுத்தை மாற்றி அப்படியே போட்டுவிட்டார். அடுத்த வருஷம் அதே ஊர் சிங்கி 'தேர்' என்பதை 'தர்ர்' ஆக்கினார். நியூயார்க் நாக்குக்கு முட்டாத சொற்கள் அந்த ஊர் நாக்குக்கு அழகாக முட்டுகின்றன. இலக்கிய நயமெல்லாம் பெருசா எதிர்பார்க்காதீங்க, ரெண்டும் பார்ட்டி பாட்டு. நான் சொல்ல வருவது, எது எதோடு ஒலி சேரும் என்பதே ஊருக்கு ஊர் மாறும் என்பதைத்தான். அப்புறம் அளவுகோலை எந்த ஊர்க் கடையில் வாங்குவது?

கனமான வரிதான் வேணுமா? 1991-லேயே ஹூஸ்டனின் கெட்டோ பாய்ஸ் கொடுத்துவிட்டார்கள். 'மைண்ட் ப்ளேயிங் ட்ரிக்ஸ் ஆன் மீ'. ரவுடிப் பாட்டில் ரவுடி பயப்படுவானா? இதில் பயப்படுகிறான். தூக்கம் வரவில்லை, யாரோ பின்தொடர்கிற மாதிரி இருக்கிறது, தன் மூளையையே நம்ப முடியவில்லை. அதில் பாடிய ஸ்கார்ஃபேஸை நியூயார்க் ஆட்களும் பின்னாளில் தலைக்கு மேல் வைத்துக் கொண்டாடினார்கள். 2002-ல் அவருடைய 'தி ஃபிக்ஸ்' ஆல்பத்தில் ஜே-ஸி, நாஸ் ரெண்டு பேருமே வந்து பாடினார்கள்.

கூச்சல் போட்டு விரட்டப்பட்ட அந்த அவுட்காஸ்ட் பசங்க? 1998-ல் 'அக்வெமினி'. அதே 'சோர்ஸ்', அதே அஞ்சு மைக்! அதில் கதை சொல்லும் கலை பற்றியே ஒரு பாட்டு. ஆந்த்ரேயின் பகுதியில் ஒரு சின்ன வயசு சிநேகிதி வருகிறாள். ரெண்டு பேரும் நட்சத்திரம் பார்த்தபடி கிடக்கிறார்கள். 'பெரியவளானா என்ன ஆகப்போற?' என்று கேட்கிறான். டாக்டர், டீச்சர் எதுவும் இல்லை. அவள் சொல்வது ஒரே ஒரு சொல். அதை நான் சொல்ல மாட்டேன், கேட்டுக்கோங்க. பிறகு அவள் போதை ஊசியோடு செத்துக் கிடக்கிறாள். எனக்கு 'ஒன் லவ்' கடிதத்துக்குப் பக்கத்திலேயே வைக்கத் தோன்றுகிற வரிகள் அவை. என்னைக் கட்சி மாற்றியதும் அந்தச் சொல்தான்.

ஒரு உவமை, ஒரு வம்பு

வரியைவிட ஏரியா பெருசு என்று ஆகிவிட்டால் என்ன நடக்கும்? 1994-ல் சிகாகோவின் காமன் ஒரு அருமையான பாட்டு எழுதினார். ஹிப்-ஹாப்பையே ஒரு பெண்ணாக வைத்து, சின்ன வயசுக் காதலி எப்படி மாறிப்போனாள் என்று முழுக்க முழுக்க உவமை. நடுவில் அவள் மேற்குப் பக்கம் போன கதையும் வரும். அவ்வளவுதான்! ஐஸ் க்யூப் தரப்பு 'எங்களைத் திட்டிட்டான்' என்று 1995-ல் பதில் பாட்டு போட்டது. காமன் அதற்கொரு பதில். இத்தனைக்கும் க்யூப் வரிகளின் மன்னன்! அவருக்கே உவமை கண்ணில் படவில்லை, திசைதான் பட்டது. (1997-ல் சமாதானம் ஆனார்கள். 2016-ல் 'பார்பர்ஷாப்' சினிமாவின் மூன்றாம் பாகத்தில் சேர்ந்தே நடித்தார்கள்.)

எல்லாச் சண்டையும் சினிமாவில் முடியவில்லை. டூபாக் 1996 செப்டம்பரில் லாஸ் வேகாஸில் சுடப்பட்டு இறந்தார். வயசு 25. ஆறே மாதத்தில், 1997 மார்ச்சில், புரூக்ளினின் நட்டோரியஸ் பி.ஐ.ஜி. லாஸ் ஏஞ்சலீஸில் சுடப்பட்டார். வயசு 24. கொலைகளுக்குப் பின்னால் என்னென்னவோ கணக்குகள் உண்டு, எல்லாப் பழியையும் பாட்டு மேல் போட முடியாது. ஆனால், விரலால் 'W' காட்டி மேற்கின் முகமாகவே ஆகிவிட்ட டூபாக் பிறந்தது எங்கே தெரியுமா? நியூயார்க்கின் ஹார்லெமில். பால்டிமோரில் கலைப் பள்ளியில் படித்துவிட்டு, அதற்கப்புறம்தான் கலிஃபோர்னியா போனார். தொழில்நுட்பமாக நாஸ் அளவுக்கு டூபாக் எழுதவில்லை என்பது என் கட்சி. நீங்க அடிக்க வரலாம். ஆனால், அம்மாவுக்காக அவர் எழுதிய 'டியர் மாமா'வை 2010-ல் அமெரிக்க காங்கிரஸ் நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் சேர்த்தது. 'தி க்ரானிக்' 2020-ல் சேர்ந்தது, 'இல்மேட்டிக்' 2021-ல். மூணும் இப்போ ஒரே பட்டியலில்!

தெற்கு வரிகள் எல்லாமே உசத்தி என்று நான் சாதிக்கவில்லை. 2000-களில் அங்கேயிருந்து வந்த க்ரங்க் பாட்டுகளில் பாதி வெறும் கோஷம். டான்ஸுக்குப் பண்ணினது, டான்ஸுக்கு ஓகே. அந்த நேரத்தில்தான், 2006 டிசம்பரில், நாஸ் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். ஆல்பத்தின் பெயரே 'ஹிப் ஹாப் இஸ் டெட்'! தெற்கு ராப்பர்கள் பலர் 'இது எங்களைத்தான்' என்று கொதித்தார்கள். அட்லாண்டாவின் யங் ஜீஸி ரேடியோ நிகழ்ச்சியிலேயே நாஸைப் பற்றிக் காரசாரமாக மல்லுக்கட்டினார்.

2008-ல் ஒபாமா அதிபர் தேர்தலில் நின்றபோது ஜீஸி 'மை பிரெசிடென்ட்' என்று ஒரு பாட்டு போட்டார். ஒரு பகுதிக்கு வெளியாள் வேணும். கூப்பிட்டது நாஸை. நாஸும் வந்து பாடிக் கொடுத்துவிட்டுப் போனார்.