கணினிக்குள் ஒரு சில்லு

மடிக்கணினி இன்று கல்முனைக் கரையில் ஆடம்பரப் பொருளன்று. மருதமுனையின் நெசவாளர் இல்லத்திலும், சாய்ந்தமருதுக் கடற்றொழிலாளர் இல்லத்திலும், ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றுவரும் பிள்ளையின் மேசைமேல் அதனைக் காணலாம். கட்டாரிலோ சவூதியிலோ உழைக்கும் வாப்பாவோ காக்காவோ விடுமுறைக்கு வரும்பொழுது கொண்டுவந்ததாக இருக்கும். அன்றேல் எவரோ ஆண்டு பல ஆண்டு கழித்ததைக் குறைந்த விலைக்கு வாங்கியதாக இருக்கும். இத்தகைய பொறிகளைப் பற்றிய ஒரு நோயின் வரலாற்றையே வாசகர்களுக்கு இன்று எடுத்துரைக்க விழைகின்றோம்.

நோயின் குறிகள் எளியவை. ஒருநாள் திரையிலே குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் தோன்றும். பொருளற்ற எழுத்துக்கள் சிதறும். ஒரே படம் பலவாகப் பிரிந்து தெரியும். பின்னர் ஒரு காலை, விசிறி சுழலும், விளக்கு எரியும், திரை மட்டும் இருண்டு கிடக்கும். “விளையாடி விளையாடியே கெடுத்துப்போட்டாய்” என்று வீட்டார் பிள்ளையை ஏசுவர். பிள்ளையும் தலைகுனிந்து கேட்டுக்கொள்வான். அக்குற்றம் பெரும்பாலும் அவனுடையதன்று.

2008ஆம் ஆண்டு யூலை மாதத்தில், கலிபோர்னியாவிலுள்ள என்விடியா நிறுவனம் ஓர் அறிவித்தலை வெளியிட்டது. திரையில் உருவங்களை வரையும் பொறுப்புடைய சில்லுகளை ஆக்குவதில் உலகப் புகழ் பெற்றது அந்நிறுவனம். தான் விற்ற சில்லுகளிற் சில, மடிக்கணினிகளில் வழக்கத்துக்கு மீறிய அளவில் பழுதடைகின்றன என்றும், பழுதுநீக்கும் செலவுக்காக 15 கோடி முதல் 20 கோடி டொலர் வரை ஒதுக்குவதாகவும் அது கூறியது. சில்லையும் அதன் உறையையும் இணைக்கும் பொருள்கள் வலுவற்றுப்போனதே காரணமென ஒப்புக்கொண்டது. கணினிகளின் அமைப்பும் பாவனையாளரின் பழக்கங்களும் இதற்குத் துணைபோயின என்று உடன் சேர்த்துக்கொள்ளவும் அது மறக்கவில்லை! பொறியை மூட்டுவதும் அணைப்பதும் அன்றிப் பாவனையாளருக்கு வேறென்ன பழக்கம் இருத்தல் கூடும்?

சில்லு என்றதும் எம் பகுதியார்க்கு வண்டிச் சில்லே நினைவில் எழும். அதுவும் நன்றே. கொல்லன் சில்லுக்கு இரும்புப் பட்டை பூட்டுவதைப் பார்த்தவர்கள், இரும்பு சூட்டில் விரிவதையும் குளிரச் சுருங்கி இறுகுவதையும் அறிவர். கணினிச் சில்லு மணலிற் பிறந்த சிலிக்கன் என்னும் பொருளால் ஆனது. அது சூட்டில் மிகச் சிறிதளவே விரியும். அதனைத் தாங்கும் பிசின் தகடோ அதனைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு விரிவது. இவ்விரண்டையும் பிணைத்து நிற்பவை கண்ணுக்குப் புலனாகாத நூற்றுக்கணக்கான பற்றாசுப் புள்ளிகள். பொறி சூடேறும்போதெல்லாம் தகடு இழுக்கும், ஆறும்போதெல்லாம் பின்வாங்கும். ஒரு மெல்லிய கம்பியை முன்னும் பின்னுமாகப் பலமுறை வளைத்தால் என்னாகும்? அதுவே அப்புள்ளிகளுக்கும் நேர்ந்தது. அவற்றைச் சூழ்ந்து காக்க இடையிலே ஒருவகைப் பசை நிரப்பப்படுவதுண்டு. அப்பசை, சில்லு வேலைசெய்யும் சூட்டிலேயே இளகிவிடும் தன்மையதாயிருந்தது என்றும், ஆகவே சுமை முழுவதும் புள்ளிகள்மேல் விழுந்தது என்றும் இவ்விஷயத்தை ஆராய்ந்த தொழில்நுட்ப எழுத்தாளர் விளக்கினர்.

கணினி விற்ற நிறுவனங்கள் செய்த முதற் பரிகாரம் வியப்புக்குரியது. விசிறியை முன்னிலும் அதிக நேரம் சுழலச் செய்யும் கட்டளை நிரலை டெல், எச்.பி. ஆகியவை வழங்கின. இதனால் வெடிப்பு மறையவில்லை, பிற்போடப்பட்டது. உத்தரவாதக் காலம் முடியும்வரை பொறி தாக்குப்பிடித்தால் போதும் என்ற எண்ணமோ என்று பலர் ஐயுற்றதில் வியப்பில்லை.

அப்பிள் நிறுவனம் அதே ஆண்டு ஒக்டோபரில், தன் கணினிகள் பாதிக்கப்படவில்லையென என்விடியா உறுதியளித்திருந்தும், தானே சோதித்ததிற் சில பாதிக்கப்பட்டமை தெரியவந்தது என்று அறிவித்து, உத்தரவாதம் கடந்தவற்றையும் இலவசமாகத் திருத்தித் தந்தது. அமெரிக்காவில் வாங்கியோர் கூட்டாக வழக்காடினர். 2010இல் உடன்பாடு ஏற்பட்டது. டெல், அப்பிள் கணினிகளுக்குத் திருத்தமும், எச்.பி. கணினிகளுக்கு மாற்றுக் கணினியும் கிடைத்தன. கிடைத்த மாற்று, கொடுத்ததற்கு ஈடன்று எனப் பலர் ஆட்சேபித்தனர். மன்று அதனை ஏற்கவில்லை. எவ்வாறாயினும், அவ்வுடன்பாடு அமெரிக்காவில் வாழ்வோர்க்கு மட்டுமே உரியது. அதே சில்லைத் தாங்கிய பொறியை வாங்கிய கல்முனையார்க்கு அதில் ஒரு சதமும் இல்லை.

எம்மூரவர்க்குக் கிடைத்தது திருத்துபவரின் சூட்டுக் காற்றே. இளைஞரொருவரிடம் இதுபற்றி வினவினோம். “சூடு குடுத்தாத் திரும்ப வேல செய்யும், சேர். எத்தின நாளைக்கென்டு மட்டும் கேட்கப்படா” என்றார். அவர் நேர்மையாளர். சூடுபட்ட புள்ளிகள் சற்றே ஒட்டிக்கொள்ளும். பத்து நாளோ இரண்டு மாதமோ சென்று மறுபடி பிரியும். சிலர் சில்லின் அடியிலுள்ள பெரிய பற்றாசு உருண்டைகளைக் களைந்து புதியவற்றை வைத்து, அதற்குப் பெருந்தொகையும் பெறுவர். வெடிப்போ அதற்கு மேலே, உறையின் உள்ளே இருக்கின்றது! கால் நோவுக்குக் கையில் கட்டுப்போட்டவாறு இது. நல்ல பொருளால் ஆக்கிய புதுச் சில்லை மாற்றுவது ஒன்றே மருந்து. அதற்கான செலவோ பழைய பொறியின் விலையை எட்டிவிடும்.

இந்நோய் ஒரு நிறுவனத்தோடு முடிந்ததுமன்று. 2007இல் மைக்ரோசொப்ட் தன் எக்ஸ்பொக்ஸ் விளையாட்டுப் பொறிகளின் பழுதுக்காக 100 கோடி டொலருக்கு மேல் ஒதுக்கி, உத்தரவாதத்தை மூன்றாண்டாக்கியது. 2015இல் அப்பிள், 2011 முதல் 2013 வரை விற்ற சில மடிக்கணினிகளின் திரைக் கோளாறுகளை இலவசமாகத் திருத்த முன்வந்தது.

நம் நாட்டுச் சட்டம் வெறுங்கையோடு நிற்கவில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் எழுத்தில் முறையிடலாம். விசாரித்து, நஷ்டஈடோ மாற்றுப் பொருளோ வழங்குமாறு பணிக்கும் அதிகாரம் அதற்குண்டு. ஆயின் முறைப்பாடு, பொருளை வாங்கி மூன்று மாதத்துள் செய்யப்படல் வேண்டும். அரிசிக்கும் பால்மாவுக்கும் மூன்று மாதம் போதியதே. ஆண்டிரண்டு கழிந்தபின் தலைகாட்டும் வெடிப்புக்கு அது எவ்வாறு போதும்? மறைந்திருக்கும் ஆலைக் குற்றத்துக்குக் காலவெல்லை, குற்றம் வெளிப்பட்ட நாளிலிருந்தே எண்ணப்படுதல் வேண்டும் என்பது எம் அபிப்பிராயம். சட்டம் பயிலும் மாணவர் இதனை ஆராய்வாராக.

பழைய பொறி வாங்கப் புறப்படும் மாணவர்க்கு ஒன்று கூறுவோம். கடையிலே ஐந்து நிமிடம் திறந்து பார்த்துப் பணத்தை எண்ணிவிடாதீர்கள். ஒரு மணி நேரம் அசையும் படமொன்றை ஓடவிட்டுச் சூடேறச் செய்யுங்கள். பின் அணைத்து, தேநீர் குடித்துவிட்டு வந்து, நன்கு ஆறிய பின்னர் மறுபடி மூட்டுங்கள். வெடித்த புள்ளி, இவ்வாறு சூடேறி ஆறும் வேளையிலேயே பெரும்பாலும் தன்னைக் காட்டிக்கொடுக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இச்சோதனை இன்னும் நன்றாகப் பலிக்கும். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குச் செல்லுங்கள்.