உம்மாவின் முன்மொழிவும் மூன்று நிரல்களும்

வவுனியாவில் தையல் தொழில் செய்யும் என் உம்மா, புதிய இயந்திரம் வாங்க வட்டியில்லாக் கடன் கேட்டு முன்மொழிவு கொடுத்தார். கொட்டேஷன் இணைக்கவில்லை என்று அது திரும்பி வந்தது. கடைசி இரவில் ஒரேயடியாக எழுதியதால் நாங்கள் கவனிக்கவில்லை.

2001இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 மென்பொருள் வல்லுநர்கள் கூடி 'அஜைல்' பிரகடனத்தை வெளியிட்டார்கள். வேலையைச் சிறு பகுதிகளாக முடித்து, உரியவருக்கு அடிக்கடி காட்டித் திருத்துவதே அதன் வழி.

இம்முறை சுவரில் மூன்று நிரல்கள் வரைந்தோம்: செய்யவேண்டியது, செய்வது, முடிந்தது. வாரத்துக்கு ஒரு பகுதி எழுதினோம். வெள்ளிதோறும் ராத்தா வாசித்துக் கேள்வி கேட்டார்.

"பெருநாள் முடிந்தால் தையல் குறையுமே, அந்த மாதத் தவணையை எப்படிக் கட்டுவீர்கள்?"

அந்தக் கேள்வியால் வருமானக் கணக்கையே மாற்றி எழுதினோம். கொட்டேஷன் முதல் வாரமே 'முடிந்தது' நிரலுக்குப் போய்விட்டது.